கேஷை விடுங்க, இஞ்சியைப் பிடிங்க

‘காசு’தான் ‘கேஷ்’ ஆச்சு. இந்த ஃபார்வர்ட் உங்க ஃபேமிலி குரூப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும், கீழே ஒரு ‘தமிழன்டா’வோட. கோபப்படாம கேளுங்க: இனிமே அதை அனுப்பாதீங்க.

நாம ஏ.டி.எம்.ல எடுக்கிற ‘கேஷ்’, லத்தீன் ‘காப்சா’வில் இருந்து வந்தது. பெட்டி என்று அர்த்தம். இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’. பெட்டியின் பெயரே பணத்துக்கு ஆகிவிட்டது, நாம ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ன்னு கேட்கிற மாதிரி.

ஆனா நம்ம காசும் இங்கிலீஷுக்குள்ள போயிருக்கு. போர்த்துகீசியர் வழியாகப் போன அந்தக் ‘கேஷ்’ ஒரு சின்ன நாணயம். கம்பெனி காலத்து மெட்ராஸ் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா. சீனாவின் ஓட்டைக் காசுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நல்ல டிக்‌ஷனரியில் பாருங்க, ரெண்டு கேஷுக்கும் தனித்தனி என்ட்ரி.

கெத்து காட்டணும்னா கோரிப்பாளையத்துல நாம குடிக்கிற இஞ்சி டீ போதும். ‘ஜிஞ்ச’ரை எர்ரர் தேடுற மாதிரி ஒவ்வொரு ஸ்டெப்பாப் பின்னாடி போய்ப் பாருங்க. லத்தீனில் ‘ஸிங்கிபெர்’. கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’. பாலியில் ‘சிங்கிவேர’. கடைசி ரெண்டு எழுத்தைக் கவனிங்க. வேர்! இஞ்சி வேர். தாவரவியல் பெயரில் இன்னைக்கும் அது ‘பெர்’ருன்னு உட்கார்ந்திருக்கு. முன்னாடி இருக்கிற ‘ச’ எங்கே போச்சுன்னு கேட்பீங்க. சொல்லின் முதலில் வரும் ‘ச’ தமிழில் பல சொற்களில் உதிர்ந்திருக்கு என்பது மொழியியலில் பழைய செய்தி. சமஸ்கிருதத்தில் இதே சொல் ‘சிருங்கவேரம்’. ‘கொம்பு போன்ற உடம்பு’ன்னு விளக்கம் சொன்னாங்க. அதுவும் காதுக்குப் பொருந்துச்சேன்னு பின்னாடி கட்டின கதைதான், நம்ம ஃபார்வர்ட் மாதிரியே. ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் இந்த ஒரே சொல்லுக்காக 1952இல் ஒரு புத்தகமே போட்டிருக்கார்.

‘கேஷ்’ தமிழ் இல்லைன்னா தமிழுக்கு என்ன குறை? நம்ம ஊர்ப் பெயரையே தர்காவில் இருக்கிற கல்லறைகளை வெச்சுத்தான் சொல்றாங்க. ‘கோர்’ பாரசீகம், பாளையம் நம்மது. பயப்பட வேண்டியது வேற விஷயத்துக்கு. ‘கேஷ்’ தப்புன்னு யாராவது மொபைல்ல டிக்‌ஷனரியைத் திறந்து காட்டிட்டா, அடுத்து நீங்க சொல்ற இஞ்சியையும் கட்டுமரத்தையும் சேர்த்தே சிரிச்சுத் தள்ளிடுவாங்க.

அடுத்த தடவை சித்தப்பா அந்த ஃபார்வர்டைப் போட்டா சண்டை போடாதீங்க. ‘சிங்கிவேர’ன்னு மட்டும் ரிப்ளை பண்ணுங்க. மீதியை அவரே கண்டுபிடிச்சிடுவார்.