பெரிய வண்டி என்பதே குற்றமா?

நெடுஞ்சாலையில் லாரியும் மோட்டார் பைக்கும் மோதிக்கொண்டன என்ற செய்தி காதில் விழுந்த கணமே நம்மில் பெரும்பாலோர் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். யார் எந்தப் பக்கம் வந்தார், யார் குறுக்கே திரும்பினார், விளக்கு எரிந்ததா என்று எதையும் கேட்பதில்லை. ‘லாரிக்காரன் அடிச்சுட்டான்’ என்ற இரண்டு சொல்லோடு விசாரணை முடிகிறது. ‘பெரிய வண்டி மேலதான் கேஸ் வரும்’ என்பதை டீக்கடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. வக்கீல் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுக்கும்போது இதையே சட்டமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இந்த நாட்டில் எழுதப்படவே இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும், மோதலில் எடை கூடிய வண்டியை ஓட்டியவரே குற்றவாளி என்று ஒரு பிரிவுகூட இல்லை.

இந்த நம்பிக்கை லாரி டிரைவருக்கு அநீதி செய்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள ஆளிருக்கும். நான் அதற்கு மேலும் ஒன்று சொல்கிறேன். யாரைக் காப்பதாக இந்த நம்பிக்கை நினைக்கிறதோ, அந்தச் சின்ன வண்டிக்காரரையே இது சாகடிக்கிறது. ‘பெரியவன் பார்த்துப் போவான், அவன்தானே மாட்டுவான்’ என்ற தைரியத்தில்தான் சர்வீஸ் ரோட்டிலிருந்து தலையைத் திருப்பாமல் ஏறுகிறார்கள். அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டுமே என்று ராங் ரூட்டில் வருகிறார்கள். இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் நுழைகிறார்கள். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஓராண்டில் எதிர்த்திசையில் ஓட்டியதால் மட்டும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்திருக்கிறார்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

லாரியை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லோடு ஏற்றி நிற்கும் பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்றில், டிரைவர் சீட்டில் ஐந்து நிமிடம் ஏறி உட்கார்ந்து பாருங்கள். தூரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரியும். முன் பம்பரை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் நின்றால் தெரியாது. இடது கதவுக்குக் கீழே, முன்சக்கரத்தை ஒட்டி ஒரு பைக் வந்தால் தெரியாது. வண்டிக்கு நேர் பின்னால் யார் ஒட்டிக்கொண்டு வந்தாலும் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. இடது பக்கம் குறுகலான தெருவுக்குள் திரும்ப வேண்டுமானால் லாரி முதலில் கொஞ்சம் வலது பக்கம் விலகித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் முன்சக்கரம் போகும் வழியில் பின்சக்கரம் போவதில்லை, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். லாரி வலது பக்கம் விலகியதைப் பார்த்து, ‘வழி விடுகிறான்’ என்று நினைத்து இடது பக்கம் புகுகிற பைக்தான் அந்தப் பின்சக்கரத்துக்குள் போகிறது. இதில் டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தியிருக்க வேண்டியதுகூட இல்லை. வண்டி நடை வேகத்தில் போனாலே போதும்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருந்த சங்ககிரி டிரைவர் ஒருவர் சொன்னார்: “கண்ணாடியில ஆளைக் காணோம்னா ஆள் இல்லைன்னு அர்த்தம் இல்ல சார். கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சவன் இப்ப எங்க போனான்னு தேடிக்கிட்டேதான் வண்டி ஓட்டணும்.” அவரோடு வரும் கிளீனர் பையன் இல்லாத நாட்களில் அந்தத் தேடலையும் தனியாகவே செய்கிறார். பேட்டாவை மிச்சம் பிடிக்கக் கிளீனரே இல்லாமல் அனுப்பும் முதலாளிகள் பெருகிவிட்டார்கள். இடது பக்கம் பார்க்க இருந்த ஒரு ஜோடிக் கண்ணும் அதோடு போயிற்று.

அடுத்தது பிரேக். மூன்று அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018-க்கு முன் 25 டன்னாக இருந்து இப்போது 28.5 டன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது. எதிரே ஒருவர் குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, மூளை வாங்கி, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்தாலும், பிரேக் தொடுவதற்கு முன்பே ஒரு முழு லாரியின் நீளத்தைவிட அதிகமாக வண்டி நகர்ந்துவிட்டது. பிறகுதான் காற்று பிரேக்கின் அழுத்தம் பின்சக்கரங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு அத்தனை டன்னும் நிற்க வேண்டும். முன்னால் போகும் லாரி பத்திரமான இடைவெளி விட்டுப் போவதைக் கண்டால் கார்க்காரர்களுக்கு அது காலி இடமாகத் தெரிகிறது. சட்டென்று அதில் நுழைந்து, நுழைந்த வேகத்தில் பிரேக்கும் போடுகிறார்கள். அந்த இடைவெளி டிரைவர் தனக்காக விட்டு வைத்ததே இல்லை, முன்னால் போகிறவருக்காக விட்டது. அதைத் திருடிக்கொண்டவரின் காரை லாரி பின்னால் இடித்தால், ‘பின்னால் வந்தவன்தான் தப்பு’ என்று ஊரே சொல்கிறது.

இனி காவல் நிலையத்துக்கு வருவோம். சாலை விபத்தின் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. சாலையில் டயர் தேய்ந்த தடத்தை அளப்பதற்கு முன்பே, எதிரெதிர் வண்டிகள் நின்ற இடத்தைக் குறிப்பதற்கு முன்பே, இந்த வாக்கியம் எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்று சான்று தருவார். வண்டி நல்ல நிலையில் இருந்தது என்பதுதான் அதன் பொருள். ஆனால் வண்டியில் கோளாறு இல்லையென்றால் டிரைவரிடம்தான் கோளாறு என்று அதைப் படிக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் இருக்கக்கூடும், சாலை என்று ஒன்றும் இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கோப்புக்குள் வருவதே இல்லை. விபத்துச் சாவுகளில் சுமார் 70 விழுக்காடு அதிவேகத்தால் என்று அமைச்சகம் ஆண்டுதோறும் அச்சிடுகிற கணக்கெல்லாம் காவல் துறையின் இந்தப் பதிவுகளிலிருந்து திரட்டப்படுவதுதான். போக்குவரத்து வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எண்பதில் பூட்டப்பட வேண்டும் என்பது விதி. அது பூட்டப்பட்டிருந்ததா, வேலை செய்ததா என்று பார்த்து எழுதிய அறிக்கை எத்தனை வரும்?

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. கர்நாடக லாரி டிரைவர் ஒருவரின் வழக்கில் 1998-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், லாரி அதிவேகமாக வந்தது என்று சாட்சிகள் சொல்வது மட்டுமே அலட்சியத்தை நிரூபித்துவிடாது, அலட்சியத்தை அரசுத் தரப்புதான் மெய்ப்பிக்க வேண்டும் என்று சொல்லி அவரது விடுதலையை உறுதிசெய்தது. ஆனால் விடுதலை வருவதற்குள் வருடங்கள் போய்விடும். அதுவரை லைசென்ஸ் கையில் இல்லை, வாய்தாவுக்கு வாய்தா விபத்து நடந்த ஊருக்குப் போய் வர வேண்டும். நாமக்கல்லிலிருந்து கிளம்பிய டிரைவருக்கு விபத்து குஜராத்தில் நடந்திருந்தால் அந்த வாய்தாவின் செலவை யோசித்துப் பாருங்கள். குற்றமே செய்யாதவர் ‘ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு’ என்ற அறிவுரைக்குத் தலையாட்டுவது இப்படித்தான்.

டிரைவரைப் பிடித்து உள்ளே போட்டதும் மற்ற எல்லாக் கேள்விகளும் அடங்கிவிடுகின்றன என்பது எனக்கு இன்னும் பெரிய கோபம். நான்கு வழிச் சாலை ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. வீடு இந்தப் பக்கம், பள்ளியும் ரேஷன் கடையும் அந்தப் பக்கம். சுரங்கப்பாதை கிடையாது. சென்டர் மீடியனில் ஓட்டலுக்காகவும் பெட்ரோல் பங்க்குக்காகவும் திறந்துவிட்ட இடைவெளி இருக்கிறது. அதன் வழியே கடந்தவர் அடிபட்டுச் சாகிறார். மறியல் நடக்கிறது, டிரைவர் கைது என்றதும் மறியல் கலைகிறது. மீடியன் திறந்தபடியே கிடக்கிறது. அதே இடத்தில் அடுத்த சாவு நடக்கும்போது வேறொரு டிரைவர் கைதாகிறார். அந்த இடைவெளியைத் திறந்து வைத்த பொறியாளரையோ ஒப்பந்தக்காரரையோ ஒருவரும் கேட்பதில்லை. கேட்க விடாமல் செய்வது இந்த நம்பிக்கைதான்.

‘தப்பு இல்லாதவன் ஏன் ஓடுகிறான்?’ என்று கேட்பார்கள். ஏனென்றால் நின்றால் அடிப்பார்கள். இதை நான் மட்டும் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்று சொல்லும்போதே, கூட்டத்தின் ஆவேசத்தால் அது முடியாமல் போனாலன்றி என்று விலக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறது. நம் சாலையோரக் கூட்டம் என்ன செய்யும் என்பது நாடாளுமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது. அப்படியிருக்க, 2023-இல் இயற்றிய புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் போகும் டிரைவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் நாளிலேயே வட மாநிலங்களில் லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டு, அந்தச் சட்டத்தின் மற்றப் பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அன்று டிரைவர்களைத் திட்டியவர்கள், கொலைகாரனைத் தப்பிக்க விடச் சொல்கிறார்களே என்றார்கள். அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. முதல் அரை மணி நேரத்தில் கிடைக்கும் உதவியால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் இந்த ஓட்டத்தால் செத்திருக்கிறார்கள். ஆனால் நின்று, 108-ஐக் கூப்பிட்டு, தூக்கிப் படுக்கவைத்தவனையே மரத்தில் கட்டி வைக்கிற ஊரில், அடுத்த டிரைவர் என்ன பாடம் படிப்பார்? கூட்டம் கை ஓங்குவதற்குக் காரணம், அங்கே யாரும் விபத்தைப் பார்க்கவில்லை என்பதுதான். லாரியின் அளவைத்தான் பார்த்தார்கள்.

லாரி டிரைவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று வாதாட நான் வரவில்லை. தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போன கார்களை நசுக்கிய கதைகள் தர்மபுரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. குடித்துவிட்டு ஓட்டுபவர் உண்டு. இருட்டில் பார்க்கிங் விளக்கு இல்லாமல், முக்கோணப் பலகை வைக்காமல், சாலையோரத்தில் நிறுத்திவிட்டுத் தூங்குபவர் உண்டு. அவர்கள்மேல் வழக்குப் போடுங்கள், தண்டியுங்கள். நான் கேட்பது அந்தக் குற்றத்தைக் காட்டித் தண்டியுங்கள் என்பதைத்தான். எல்லா லாரியும் குற்றவாளி என்றால் நியூட்ரலில் இறங்கியவனும் ஒழுங்காக இரண்டாவது கியரில் இறங்கியவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஒழுங்காக ஓட்டுவதற்கு என்ன பலன்? அதோடு, தூங்காமல் ஓட்ட வைத்தது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. லோடு சேரும் நேரத்தைக் குறித்துக் கொடுக்கிற முதலாளியும் சரக்குக்காரரும் அந்தச் சட்டத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்களா?

பெரிய வண்டிக்குப் பெரிய பொறுப்பு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதிக சேதம் செய்யக்கூடிய வண்டியை ஓட்டுபவர் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். நல்ல டிரைவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். பொறுப்பு கூடியவர் என்பதால் குற்றமும் முன்கூட்டியே அவர் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. பைக்கில் மூன்று பேர், தலையில் ஹெல்மெட் இல்லை, தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன், ராங் ரூட். அங்கே பொறுப்பு யாருக்கும் இல்லையா?

இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்குக் காசும் ஒரு காரணம், அதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. செத்தவரின் குடும்பம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு வேண்டுமென்றால் எதிர் வண்டிக்காரரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். செத்தவர் பேரில் தப்பு என்று முதல் தகவல் அறிக்கை சொல்லி, தீர்ப்பாயமும் அதை ஏற்றால் அந்தக் குடும்பத்துக்கு அதன்படி எதுவுமில்லை, பாதித் தப்பு என்றால் பாதி குறையும். லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. பணம் கொடுக்கப் போவது கம்பெனிதானே, டிரைவரின் சொந்தப் பணமா என்று எல்லாருக்கும் மனம் இரங்குகிறது. காவலர் இரங்குகிறார், வக்கீல் எழுதிக் கொடுக்கிறார், விபத்து நடந்தபோது அங்கில்லாத சாட்சி வந்து பார்த்ததாகச் சொல்கிறார். தாலி இழந்து நிற்கும் பெண்ணுக்கு நாலு லட்சம் கிடைக்கட்டுமே என்ற இரக்கத்தை நான் பழிக்கமாட்டேன். அந்த இரக்கத்துக்காக, ஐந்தாண்டு வரை தண்டனை கிடைக்கக்கூடிய நியாய சன்ஹிதாவின் 106(1) வழக்கைத் தலையில் சுமக்கிறவரும் ஒரு பெண்ணின் கணவர்தான்.

இதற்கு வழி சட்டத்திலேயே பாதி திறந்திருக்கிறது. 2019-இல் திருத்தி, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 164-ஆம் பிரிவு, யார் தப்பு என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் தரச் சொல்கிறது. ஆனால் ஐந்து லட்சத்தைக் கொண்டு, சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவரின் இடத்தை எந்தக் குடும்பம் நிரப்பும்? அதனால்தான் 166-ஐ நோக்கிப் போகிறார்கள், அதற்காக ஒரு குற்றவாளியைத் தேடுகிறார்கள். 164-இன் தொகையை ஒரு குடும்பம் உண்மையிலேயே எழுந்து நிற்கும் அளவுக்கு உயர்த்துங்கள். லாரிச் சங்கங்கள் டீசல் விலைக்கும் டோல் கட்டணத்துக்கும் வேலைநிறுத்தம் அறிவிக்கிற அதே வேகத்தில் இதைக் கேட்க வேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகப் பேசுகிறவர்களும் அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும். இழப்பீடு கிடைக்க டிரைவர் குற்றவாளியாக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டால், அந்த ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வரியை எழுதுவதற்கு முன் டயர் தடத்தை அளந்து பார்க்கக் காவலருக்கு நேரம் கிடைக்கும்.