காதுக்குள் வைக்கும் வயரில்லாத கருவி: எதைப் பார்த்து வாங்குவது?



கைத்தொலைபேசிக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை, கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு சிறு காதுக் கருவிகள் இருக்கும். ஒன்றை ஒன்று இணைக்கும் வயர்கூடக் கிடையாது. கடையில் 'இயர்பட்ஸ்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 2016ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனம் 'எயார்பொட்ஸ்' என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியபோது எங்களைப் போன்றவர்கள் விலையைக் கேட்கவே தயங்குவோம். அதன்பின் ஷியோமி, ரியல்மி, கியூ.சி.வை. போன்ற சீன நிறுவனங்கள் மலிவாகச் செய்ததால் இன்று சந்தையடிக் கடைவரை வந்துவிட்டது.

பாட்டுக் கேட்கும் பிள்ளைகளின் சாமான் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வீட்டிலிருந்து உழைக்கும் எங்களுக்குக் கை ஓய்வதில்லை. ஒரு கை துணியில், மற்றக் கை மெசினில். அந்த நேரத்தில்தான் ஓடர் தருபவர் அழைப்பார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தைத்துக் கழுத்து நோவு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போடலாம்தான். ஆனால் ஓர் அறை வீட்டில், வெளிநாட்டிலிருந்து மகன் சொல்லும் கடன் கதையை அயலெல்லாம் கேட்கவா?

எங்கள் தையல் நிலையத்தில் நான் மூன்று சோடிகளைச் சில மாதங்களாக மாறி மாறிப் பாவித்துப் பார்த்தேன். ஒன்று பெயரில்லாதது, 1,800 ரூபா. இன்னொன்று பெயர் தெரிந்த நிறுவனத்தினது, 6,000 ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது மருமகள் இரவல் தந்தது. அதன் விலை இதைப்போல இரண்டு மடங்கு.

பாட்டுக் கேட்டபோது மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மலிவானதில் மேளச் சத்தம் கொஞ்சம் அடைத்துக் கேட்டது, அவ்வளவுதான். கதைக்கும்போதுதான் உண்மை வெளித்தது. மெசின் ஓடும்போது 1,800 ரூபாக் கருவியில் கதைத்தால், "அக்கா, நீங்கள் கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிறியளோ?" என்று மறுபக்கத்தில் கேட்டார்கள். எனக்கோ அவர்களுடைய குரல் தெளிவாகக் கேட்டது. நம்மில் பலர் ஏமாறும் இடம் இதுதான். ஒலிவாங்கி உங்கள் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காதடியில் இருக்கிறது. காற்று, மின்விசிறி, மெசின் எல்லாம் அதற்குள் போகும். ஆகவே கடையில் பாட்டுப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டாம். மின்விசிறியடியிலோ கடை வாசலிலோ நின்று வீட்டிலிருக்கும் ஒருவருக்கு அழைப்பெடுங்கள். எப்படிக் கேட்கிறது என்று அவரைக் கேளுங்கள். திறந்து காட்ட மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால், காட்சிக்கு வைத்திருக்கும் சோடியிலாவது பார்க்கக் கேளுங்கள்.

பெட்டியில் ஈ.என்.சி., ஏ.என்.சி. என்று இரண்டு எழுத்துக் கூட்டங்கள் இருக்கும். விற்பவர்களே இவற்றை மாறிச் சொல்வதுண்டு. ஈ.என்.சி. என்பது நீங்கள் கதைக்கும்போது சுற்றுச் சத்தத்தைக் குறைத்து மறுபக்கத்துக்கு அனுப்புவது. ஏ.என்.சி. என்பது வெளிச் சத்தம் உங்கள் காதுக்கு வருவதைக் குறைப்பது. தொழிலுக்காக வாங்கும் எங்களுக்கு முதலாவதுதான் தேவை. இரண்டாவதற்கு மேலதிகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அது பற்றரியையும் குடிக்கும். ஆனால் ஈ.என்.சி. என்று அச்சடித்திருந்தாலும் அழைப்பெடுத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். என்னுடைய 1,800 ரூபாப் பெட்டியிலும் அது அச்சடித்துத்தான் இருந்தது.

பற்றரிக் கணக்கும் அப்படித்தான். '24 மணித்தியாலம்' என்று போட்டிருந்தால், பெட்டிக்குள் திரும்பத் திரும்ப வைத்து சார்ஜ் ஏற்றிப் பாவிக்கும் மொத்த நேரம் அது. காதில் ஒரு தடவை வைத்தால் பாட்டுக்கு நான்கு, ஐந்து மணித்தியாலம் நின்றால் நல்லது. கதைத்துக்கொண்டேயிருந்தால் அதிலும் குறையும். ஒன்றைக் காதிலும் மற்றதைப் பெட்டியிலும் வைத்து மாற்றி மாற்றிப் பாவித்தால் நாள் முழுக்க இழுக்கலாம். 2022இல் மின்சாரம் மணிக்கணக்கில் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டோம். அப்படியான நேரத்தில் நிரம்பிய பெட்டி ஒன்று கையிலிருந்தால் உதவிதான். ஆனால் இந்தச் சிறிய பற்றரிகளை மாற்ற முடியாது. இரண்டு, மூன்று வருடத்தில் அவை களைத்துவிடும். பிறகு எறிய வேண்டியதுதான். வாங்கும்போதே அந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு சகோதரியின் கடிதத்துக்கு வருகிறேன். 2009இல் ஷெல் விழுந்த அதிர்ச்சியில் அவருக்கு இடது காது கேட்காமல் போனது. விடிய மூன்று மணிக்கு எழும்பி மா குழைக்கும்போது கையால் போனைத் தொட முடியாது. இதை வாங்கினால் பிரயோசனமா என்று கேட்டிருக்கிறார். அவரைப்போல இன்னும் பலர் இருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அழைப்பில் இரண்டு காதுக்கும் வருவது ஒரே குரல்தான். எனவே கதைப்பதற்கு ஒரு கருவி போதும். இப்போது வரும் பெரும்பாலான சோடிகளில் எந்தப் பக்கத்தையும் தனியாகப் பாவிக்கலாம். சில மலிவானவற்றில் ஒரு பக்கம் மட்டுமே தனியாக வேலை செய்யும். இதைக் கட்டாயம் கேட்டு, செய்து பாருங்கள். ஆனால் இடது பக்கக் கருவி வலது காதில் சரியாகப் பொருந்தாது. அப்படியானால் சகோதரி கொடுக்கும் காசில் பாதி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அவருக்கு என் ஆலோசனை, ஒற்றைக் காதுக்கு மாட்டும் பழைய மாதிரி புளூடூத் ஹெட்செட். சாரதிகள் மாட்டியிருப்பார்களே, அது. அதன் ஒலிவாங்கி வாய்ப்பக்கம் நீண்டிருக்கும், பற்றரியும் பெரியது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

ஏற்கெனவே இயர்பட்ஸ் வைத்திருக்கும் ஒரு காதுக்காரர்கள் இதைச் செய்யுங்கள். பாட்டிலும் சில வீடியோக்களிலும் இடப்பக்கம் ஒரு சத்தமும் வலப்பக்கம் வேறொரு சத்தமும் பிரிந்து வரும். ஒரு காதால் மட்டும் கேட்பவர் பாதியை இழப்பார். போனின் செட்டிங்ஸில் 'அணுகல்தன்மை' என்ற பகுதியில் 'மோனோ ஓடியோ' என்று ஒன்றிருக்கிறது. அதை இயக்கினால் இரண்டும் ஒன்றாகி வரும். அண்ட்ரொயிட், ஐபோன் இரண்டிலும் இந்த வசதி உண்டு. காசு எதுவும் செலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்கும் ஒரே காதையும் இறப்பர் முனையால் அடைத்துவிட்டால் அடுப்படியில் கொதிப்பதும் கேட்காது, வாசலில் ஆள் வருவதும் கேட்காது, வீதியில் பின்னால் வரும் வாகனமும் கேட்காது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விடயமல்ல. இறப்பர் முனையில்லாமல் காது வாசலில் தொங்குவதுபோல் இருக்கும் வகை, பாட்டுக்குத் தரம் குறைவென்றாலும், இவர்களுக்கு அதுவே நல்லது. வீதியில் இறங்கும்போது எதுவானாலும் கழற்றிவிடுங்கள்.

காதில் சீழ் வடிபவர்கள், செவிப்பறையில் துவாரம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், இரைச்சல் ஓயாமல் கேட்பவர்கள் இதைக் காதுக்குள் செருகுவதற்கு முன் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் ஒரு தடவை காட்டுங்கள். போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் இந்தக் கிளினிக் உண்டு. இயர்பட்ஸ், செவிப்புலன் உதவிக் கருவி அல்ல. 2024இல் அமெரிக்காவில் அப்பிளின் விலையுயர்ந்த ஒரு மாதிரிக்கு, குறைவான, நடுத்தரமான கேட்டல் குறைபாடுள்ள வளர்ந்தோர் பாவிக்க அனுமதி கொடுக்கப்பட்டது. அந்தச் செய்தியைச் சொல்லி மலிவான ஒன்றை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

சத்தத்தைக் கூட்டிக் கேட்பது மிஞ்சியிருக்கும் காதையும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். அதுவே 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம் மட்டுமே. போனின் சத்த அளவை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்துப் பழகுங்கள். மெசின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்றால் மெசினை ஒரு நிமிடம் நிறுத்துவது நல்லது.

வியர்வை, தண்ணீர் பற்றி. ஐ.பி.எக்ஸ்.4 என்று இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. பெட்டிக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இராது. வியர்த்திருந்தால் துடைத்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகள் கறுத்து, ஒரு பக்கம் ஏறாமல் போகும். பழுதாகிவிட்டது என்று எறியமுன் அந்தப் புள்ளிகளைக் காய்ந்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், யார் திருத்தித் தருவது என்பதை அதிலேயே எழுதுவியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வியாபாரி கடமைப்பட்டவர். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பெரிய நிறுவனத்தின் பெயரும் படமும் பெட்டியில் இருந்து, விலை மட்டும் கால்வாசியாக இருந்தால் அது போலி. பெயரில்லாததையே வாங்குவதானால் பெயரில்லாத விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

இரவில் தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். பிள்ளையின் கருவியை வாங்கி உங்கள் காதில் வைப்பதற்கு முன் முனையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.