ஆங்கிலம் அறிவோம்: பழியா, பொறுப்பா?

குளுவாங் தோட்டமானாலும் பாசிர் கூடாங் தொழிற்சாலையானாலும், நிர்வாகத்திடமிருந்து ‘ஷோ காஸ்’ கடிதம் வந்துவிட்டால் அன்று பல வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. நடந்ததற்கு விளக்கம் கேட்கும் கடிதம் அது, தண்டனைக் கடிதமன்று. பதில் எழுதுமுன் சில சொற்களை நிறுத்துப் பார்ப்போம்.

‘பிளேம்’ என்றால் பழி. அதைப் பிறர் நம்மீது சுமத்தலாம். ‘ஃபால்ட்’ என்றால் தவறு. அது செய்தவருக்கே உரியது. ‘அக்யூஸ்ட்’ குற்றஞ் சாட்டப்பட்டவர். ‘கில்டி’ குற்றம் உறுதியானவர். இரண்டுக்கும் நடுவே ஒரு விசாரணை இருக்கிறது.

பலரும் இடறி விழும் சொல் ‘ரெஸ்பான்சிபிள்’. ‘ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் த ஸ்டோர்’ என்றால், கிடங்கு என் பொறுப்பில் உள்ளது. ‘ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் த லாஸ்’ என்றாலோ, நட்டத்துக்குக் காரணம் நானே! சாவி வைத்திருந்தவர் முதல் வாக்கியத்தோடு நிறுத்தி, நடந்ததை நடந்தபடி எழுதட்டும். மறுப்பதற்கு ‘டினை’, ஒப்புக்கொள்வதற்கு ‘அட்மிட்’.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, ஒழுங்கீனம் என்று வேலையிலிருந்து நீக்குமுன் முறையான விசாரணை வேண்டும். அதற்காக இடைநீக்கம் செய்தால் இரண்டு வாரத்துக்கு மேற்படக்கூடாது. பாதிச் சம்பளமாவது தரவேண்டும். குற்றமில்லையெனில் பிடித்த சம்பளமும் திரும்ப வரும். நியாயமின்றி நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம்.

புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். படிக்கும் பிள்ளையிடமாவது கொடுத்து, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.