ஹெச்.டி.ஆர். மானிட்டர்: பெயருக்கா பணம், சரக்குக்கா பணம்?

மளிகைக்கும் மானிட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. நம் கடைகளில் பில் போடக் கம்ப்யூட்டர் வந்து வெகு காலமாயிற்று. இப்போது கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் விளையாட்டுக்கென்றே தனி மானிட்டர் கேட்கிறார்கள். அந்தப் பணம் நம் கல்லாவிலிருந்துதான் போகிறது. துவரம் பருப்பு மூட்டையில் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்க அரை மணி நேரம் பேசுகிற நாம், பல ஆயிரம் ரூபாய் மானிட்டரைப் பெட்டியின் மேல் அச்சடித்த மூன்று எழுத்தைப் பார்த்து வாங்கி விடுகிறோம். இது வியாபாரிக்கு அழகல்ல.

விளையாட்டு என்றதும் பணம் கட்டி ஆடும் ரம்மியை நினைக்க வேண்டாம். அவ்வகை ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நாம் சொல்வது கம்ப்யூட்டரிலும் பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளிலும் ஆடும் கார் பந்தயம், கால்பந்து, சாகச ஆட்டங்கள் ஆகியவற்றை. பிள்ளைக்கு அதை வாங்கித் தரலாமா, கூடாதா என்பது அவரவர் வீட்டு விஷயம். வாங்குவது என்று முடிவான பின் எப்படி வாங்குவது என்பதே இங்கு பேச்சு.

மூன்று எழுத்தின் பொருள்

ஹெச்.டி.ஆர். என்றால் ஹை டைனமிக் ரேஞ்ச். ஒரே படத்தில் மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் கெடாமல் காட்டும் திறன் என்று அர்த்தம். நம் ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயில் மண்டபத்தில் நின்று வெளியே பார்த்தால், நிழலில் இருக்கும் தூண் சிற்பமும் தெரிகிறது. வாசலில் அடிக்கும் வெயிலும் கண்ணைக் கூசுகிறது. சாதாரண மானிட்டரில் இரண்டும் சேர்ந்து வராது. ஒன்று வெயில் வெளுத்துவிடும், இல்லையேல் தூண் கறுத்துவிடும். இரண்டையும் சேர்த்துக் காட்டத்தான் ஹெச்.டி.ஆர்.

அதற்கு மூன்று வேண்டும்: வெளிச்சம், கறுப்பு, நிறம். வெளிச்சத்தை அளக்கும் அலகுக்கு 'நிட்' என்று பெயர். பில் போட வைத்திருக்கும் சாதாரண மானிட்டர் 250 முதல் 350 நிட் வரை வெளிச்சம் தரும். நல்ல ஹெச்.டி.ஆர். காட்சிக்கு, பளிச்சென்று தெரிய வேண்டிய இடங்களில் அதைப் போல இரண்டு மூன்று மடங்காவது வேண்டும்.

இங்கேதான் பெயரில் ஒரு சூட்சுமம். 'ஹெச்.டி.ஆர்.10' என்பது 2015-ல் அறிவிக்கப்பட்ட ஒரு சிக்னல் முறை. பெட்டியில் 'ஹெச்.டி.ஆர்.10 சப்போர்ட்' என்று போட்டிருந்தால், அந்த சிக்னலை மானிட்டர் வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். வாங்கியதைக் காட்டும் சக்தி உண்டா என்பது வேறு கேள்வி. 250 நிட் மானிட்டரும் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளத்தான் செய்யும். இரண்டு டன் கொள்ளும் குடோன் வைத்திருப்பவர் பத்து டன் சரக்குக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டது போன்ற கதை இது.

அளவு இல்லாத பெயர்

நம் மாவட்டத்து உப்பையே எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டில் 'அயோடின் கலந்த உப்பு' என்று எழுதிவிட்டால் போதாது. சில்லரைக் கடையில் 15 பி.பி.எம். அயோடினுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் அளவு வைத்திருக்கிறது. அதிகாரி வந்து மாதிரி எடுத்தால் அந்த அளவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மிளகு வாங்கினால் லிட்டர் எடை கேட்கிறோம். ஏலக்காய் என்றால் ஏழு மில்லிமீட்டரா, எட்டு மில்லிமீட்டரா என்று கேட்கிறோம். கருப்பட்டியை உடைத்துப் பார்க்காமல் எடுப்பதில்லை.

நம் கடற்கரையில் முத்து வியாபாரமும் அப்படித்தான் நடந்தது. தூத்துக்குடியில் கடைசியாக 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. எடுத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துப் பிரிப்பார்கள். 20 துளைத் தட்டில் தங்குவது பெரிய முத்து. 1000 துளைத் தட்டு வரை இறங்குவது பொடி. அதன் பிறகு உருட்சி, ஒளி, நிறம் பார்த்து விலை வைப்பார்கள். முத்து என்ற பெயருக்கு மட்டும் எவரும் பணம் கொடுத்ததில்லை.

மானிட்டருக்கும் இப்படியொரு சல்லடை இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள 'வெசா' என்ற அமைப்பு 2017 டிசம்பரில் 'டிஸ்பிளே ஹெச்.டி.ஆர்.' என்னும் தர முத்திரையைக் கொண்டுவந்தது. 400, 500, 600, 1000, 1400 என்று படிகள் உண்டு. அந்த எண், உச்ச வெளிச்சம் எத்தனை நிட் என்பதைக் குறிக்கும். ஓ.எல்.இ.டி. வகைக்கு 'ட்ரூ பிளாக்' என்று 2019-ல் தனி வரிசை வைத்தார்கள். சான்று பெற்ற மானிட்டர்களின் பட்டியலை அந்த அமைப்பே தன் வலைத்தளத்தில் போட்டிருக்கிறது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்டியில் வெறுமனே 'ஹெச்.டி.ஆர். 400' என்று இருப்பதும், வெசாவின் 'டிஸ்பிளே ஹெச்.டி.ஆர். 400' முத்திரை இருப்பதும் ஒன்றாகாது. முன்னது கம்பெனி தானே போட்டுக்கொண்ட பெயராக இருக்கலாம். பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

முத்திரை உள்ளதிலும் 400 என்பது கடைசிப் படி. தொடக்கத்தில் வைத்த விதிப்படி, இந்தப் படிக்குத் திரையின் பின்விளக்கு முழுவதையும் ஒருசேரக் கூட்டிக் குறைத்தாலே போதும். விரிந்த நிற வரம்பும் கட்டாயமில்லை. 2024-ல்தான் நிறத்துக்கான விதியை இறுக்கினார்கள். எனவே பழைய விதியில் சான்று பெற்ற 400 படி மானிட்டருக்கு, ஹெச்.டி.ஆர். என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். மற்ற அம்சங்கள் பிடித்திருந்தால் வாங்கலாம்.

விளக்கு எத்தனை?

எல்.சி.டி. திரையில் படப் புள்ளிகளுக்குத் தனி வெளிச்சம் கிடையாது. பின்னால் உள்ள விளக்குதான் வெளிச்சம் தருகிறது. அந்த விளக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான இடத்தில் குறைத்து, வெளிச்சமான இடத்தில் கூட்டினால்தான் கறுப்பு கறுப்பாக இருக்கும். இந்தப் பகுதிகளை 'டிம்மிங் ஜோன்' என்கிறார்கள்.

4கே மானிட்டரில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்து 16 பகுதியாகப் பிரித்த மானிட்டரில், ஒரு விளக்குக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். இரவுக் காட்சியில் நிலா ஒன்று தெரிந்தால், அதைச் சுற்றி ஒரு பட்டையே வெளுத்துப் போகும். 'மினி எல்.இ.டி.' என்று வரும் உயர்ந்த ரகத்தில் 1152 பகுதிகள் கொண்டவை உண்டு. அதில் ஒரு விளக்குக்கு 7200 புள்ளிகள்தான். ஆகவே 600 அல்லது 1000 என்று முத்திரை இருந்தாலும், "எத்தனை ஜோன்?" என்று கேட்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அணைந்தால் முழுக் கறுப்பு. விளையாட்டுக்கு மிக நேர்த்தியான திரை இதுவே. ஆனால் இரண்டு எச்சரிக்கை. விளம்பரத்தில் போடும் 1000 நிட், திரையின் ஒரு சிறு மூலை மட்டும் ஒளிரும்போது கிடைப்பது. முழுத் திரையும் வெள்ளையானால் 250 நிட் அளவுக்கு இறங்கும் மாடல்கள் நிறைய. மேல் வரிசையில் நல்ல பழம் அடுக்கிய ஆப்பிள் பெட்டியை நாம் அறிவோம் அல்லவா? இரண்டாவது, ஒரே படம் நாள் கணக்கில் அசையாமல் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும். பில் போடவும் சி.சி.டி.வி. பார்க்கவும் ஓ.எல்.இ.டி. வாங்கவே கூடாது. வீட்டுக்கு வாங்கினாலும், திரையில் தடம் பதிவதற்கு வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட வேண்டியவை

மாடு இல்லாமல் வண்டி மட்டும் வாங்கிப் பயனில்லை. 4கே படத்தை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் மானிட்டர் வாங்கினால், அந்த வேகத்துக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் 4கே படத்தை 120 வேகத்தில் பார்க்க வேண்டுமானால், மானிட்டரில் ஹெச்.டி.எம்.ஐ. 2.1 இணைப்பு இருப்பது நல்லது. விண்டோஸ் 11-இல் ஹெச்.டி.ஆர்.-ஐத் தனியாக இயக்கி, வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் 'படம் மங்குகிறது' என்று மானிட்டரைக் குறை சொல்பவர்கள் உண்டு. நம் ஊர் வெயில் ஜன்னல் வழியே திரையில் நேராக விழுந்தால், எந்த ஹெச்.டி.ஆர்.-உம் எடுபடாது. வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும்.

கையில் உள்ள பணம் குறைவு என்றால், நல்ல சாதாரண மானிட்டரே மேல். கறுப்பு சற்று நன்றாக வர வேண்டுமென்றால் வி.ஏ. வகைத் திரையைக் கேட்கலாம். சாதாரண ஐ.பி.எஸ். திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்றால், வி.ஏ. திரையில் மூவாயிரத்துக்கு ஒன்று அளவில் இருக்கும். கோடிக்கு ஒன்று என்று போட்டிருக்கும் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' கணக்கை ஒதுக்கிவிடலாம்.

வரி விஷயமும் சொல்லிவிடுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 32 அங்குலம் வரை உள்ளவற்றுக்கு 2019 முதலே 18 சதவீதம்தான். ஆகையால் 27 அங்குல மானிட்டரைக் காட்டி "வரி குறைந்ததால் இந்த விலை" என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளையின் விளையாட்டு மானிட்டருக்குக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் வாங்கி உள்ளீட்டு வரி எடுப்பதும் கூடாது. சொந்த உபயோகப் பொருளுக்குச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

நாம் கேட்பது

பொட்டலப் பொருள் விதிகள் 2011-இன்படி நம் கடைப் பாக்கெட்டில் நிகர எடை, அதிகபட்ச விலை, மாதம், வருடம், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டால் அபராதம் நமக்கு. மானிட்டர் பெட்டியிலோ திரையின் நீள அகலம் இருக்கிறது; விலையைக் கூட்டும் வெளிச்சத்துக்கு மட்டும் அளவு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஹெச்.டி.ஆர். என்று போடுகிறவர்கள், அதே அளவு எழுத்தில் உச்ச வெளிச்சம் எத்தனை நிட், முழுத் திரை வெளிச்சம் எத்தனை நிட், பின்விளக்குப் பகுதிகள் எத்தனை என்று அச்சிட வேண்டும். இதை விதியாக்கும்படி நம் சங்கம் தீர்மானம் போட்டு, மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு அனுப்ப வேண்டும். உப்புக்கு ஒரு நியாயம், மானிட்டருக்கு ஒரு நியாயம் இருக்கலாகாது.

தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆன்லைனில் விலை குறைகிறது என்று வருந்துகிறீர்கள். வருத்தம் நியாயமே. ஆனால் அவர்களால் செய்ய முடியாத ஒன்று உங்களால் முடியும். 400 படி மானிட்டர் ஒன்றையும், பகுதி விளக்கு உள்ள நல்ல மானிட்டர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஆட்டத்தை ஓடவிட்டுக் காட்டுங்கள். வாங்க வருபவர் தம் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கட்டும். விலை குறைந்ததே போதும் என்று அவர் சொன்னால் அதையே மனமாரக் கொடுங்கள். அப்படிக் காட்டிய கடையைத் தேடி அவர் மறுபடி வருவார்.

கடைசியாக, நம் பக்கமும் பார்க்க வேண்டும். 'ஸ்பெஷல்', 'ஏ ஒன்', 'முதல் ரகம்' என்று நாமும் மூட்டை மூட்டையாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். எந்தக் கணக்கில் முதல் ரகம் என்று வாடிக்கையாளர் கேட்டால், சொல்ல நம்மிடம் ஓர் அளவு இருக்க வேண்டும். அந்த அளவைச் சொல்லத் தெரிந்த வியாபாரிதான் மானிட்டர் கடையில் நிமிர்ந்து நின்று, "எத்தனை நிட், எத்தனை ஜோன்?" என்று கேட்க முடியும்.