பாவத்தை மன்னிக்க யாருக்குப் பாத்தியம்?

இயேசுவை விசுவாசித்தால் போதும், எப்பேர்ப்பட்ட பாவியின் பாவமும் அவர் சிந்திய இரத்தத்தினால் கழுவப்பட்டுப் போகும் என்பதாகப் பாதிரிமார்கள் சந்தையிலும் தெருமுனையிலும் பிரசங்கம் செய்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். கங்கையில் முழுகினால் பாவம் போகும் என்பதை நம்ப மறுத்தவர்கள்கூட இதில் ஏதோ பெரிய அன்பு இருப்பதாக எண்ணி மயங்குகிறார்கள். ஆகவே இதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

ஒருவன் உங்களிடம் நூறு ரூபாய் கடன் வாங்குகிறான். திருப்பிக் கேட்டால், "அதை ஊர் மணியக்காரர் தள்ளிக் கொடுத்துவிட்டார், உமக்கும் எனக்கும் இனிப் பாக்கியில்லை" என்கிறான். ஒப்புக்கொள்வீர்களா? "பணம் என்னுடையது, தள்ளிக் கொடுக்க அவர் யார்?" என்றுதானே கேட்பீர்கள்? நூறு ரூபாய்க்கே இது நியாயமானால், அடித்ததற்கும் கெடுத்ததற்கும் கொன்றதற்கும், அடிபட்டவனைக் கேளாமலே மூன்றாமவர் மன்னிப்பு வழங்குவது எந்த ஊர் நியாயம்?

இது வெறும் வாய்ச் சாமர்த்தியமல்ல. சரித்திரத்தைப் பாருங்கள். ஜான் நியூட்டன் என்னும் ஆங்கிலக் கப்பல்காரர் 1748-ல் நடுக்கடலில் புயலில் சிக்கிக் கடவுளைக் கூவியழைத்தார்; அன்றே தமது மனமாற்றம் தொடங்கியதாகச் சொல்லிக் கொண்டார். பிறகு செய்ததென்ன? 1750 முதல் 1754 வரையில் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராயிருந்து, ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டுக் கொண்டுபோய் விற்றார். மேல்தட்டில் ஜெபம், கீழ்த்தட்டில் விலங்கு! கடல் தொழிலை அவர் விட்டதும் நோயினாலேதான். 1764-ல் பாதிரியானார். அந்த வியாபாரத்தின் கொடுமையைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதியது 1788-ல். அப்படி எழுதியது யோக்கியமான காரியமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இடையில் 40 வருஷம் அவர் இரட்சிக்கப்பட்டவராகவே இருந்தாராம்! விற்கப்பட்டவர்களில் ஒருவரையாவது யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

ஒரு மனிதருடைய குறைதானே என்பீர்களானால், ஆட்சியும் சபையும் செய்ததைக் கேளுங்கள். 1667-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாச் சட்டசபை, ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று சட்டம் செய்தது. ஜென்ம பாவத்தைக் கழுவும் தண்ணீர் கால் விலங்கை மட்டும் கழுவாதாம்! பார்படோஸ் தீவில், 1710-ல் இறந்த ஒரு தனவந்தரின் உயில் மூலம், ஆங்கிலத் திருச்சபையின் மிஷன் சங்கம் ஒன்றுக்குக் கரும்புத் தோட்டங்கள் கிடைத்தன. அங்கே அடிமைகளின் மார்பில் "சங்கம்" என்ற ஆங்கிலச் சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். 1833-ல் விடுதலைச் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் சர்க்கார் 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? சூடு பட்டவர்களுக்கா? இல்லை, எஜமானர்களுக்கு! மேற்படி சங்கமும் கை நீட்டி வாங்கிக் கொண்டது. திருச்சபை இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது 2006-ல். அதற்குள் மன்னிக்க வேண்டியவர்கள் மண்ணாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது.

"மனந்திரும்பாதவனுக்கு மன்னிப்பில்லையே" என்று பாதிரிமார்கள் சமாதானம் சொல்லுவார்கள். நல்லது. அவர்களுடைய லூக்கா புஸ்தகத்திலேயே சகேயு என்னும் வரிக்காரன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லுகிறான். அந்த நாலு மடங்கை முதலில் வசூலித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு இரத்தத்தைப் பற்றிப் பேசட்டுமே! அதை விட்டுவிட்டு விசுவாசத்தை மட்டும் கேட்பானேன்? கொடுப்பது கஷ்டம், நம்புவது சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

குற்றம் செய்தவனுடைய மனம் சமாதானமடைய ஆயிரம் வழி இருக்கலாம். ஆனால் அவன் மனம் ஆறிவிட்டதாலேயே அடிபட்டவன் புண் ஆறிவிடாது. கடவுளுக்கென்று ஒருவன் குற்றம் செய்திருந்தால் அதைக் கடவுளே மன்னித்துக் கொள்ளட்டும். மனிதனுக்குச் செய்த குற்றத்திற்கோ அந்த மனிதன் வீட்டு வாசலிலேதான் கணக்குத் தீர்க்க வேண்டும். ஆதலால், பாவம் கழுவப்பட்டுவிட்டது என்று எவனாவது உங்களிடம் சொன்னால், "பட்டவன் ஒப்புக்கொண்டானா?" என்று கேளுங்கள்.