குற்றாலத்தில் எங்களுக்குக் குளிக்கத் தெரியாதாம்!

சக பதிவர் ஒருத்தர் ஜப்பான் போய்ட்டு வந்து பயணக்கட்டுரை போட்டிருந்தார். வெந்நீர் ஊற்று விடுதியில தங்கின கதை. நல்லாத்தான் எழுதியிருந்தார். பாய் விரிச்ச அறை, தரையில படுக்கை, தட்டு தட்டா சாப்பாடு, வெளியே பனி விழ உள்ளே வெந்நீர்க் குளியல்னு படிக்கப் படிக்க நமக்கே வயித்தெரிச்சல்.

கடைசி பாராவுல வச்சார் பாருங்க ஆப்பு. அங்க எவனும் சோப்போட தண்ணியில இறங்க மாட்டானாம். நம்ம குற்றாலத்தை நினைச்சா அவருக்குக் கேவலமா இருக்காம். நம்ம சனங்களுக்குக் குளிக்கவே தெரியாதாம். ஆளுக்கு ஐநூறு ரூபா டிக்கெட் போட்டா 'தரமான கூட்டம்' மட்டும் வருமாம், அருவி தானா சுத்தமாயிடுமாம். கீழே வரிசையா 'சரியாச் சொன்னீங்க தல', 'ரிப்பீட்டே'!

அவர் பேரை இங்க இழுக்க மாட்டேன். இது அவர் ஒருத்தர் கருத்து இல்ல. வெளிநாடு போய்ட்டு வர்ற பாதிப் பேர் ஏர்போர்ட்ல இறங்கின உடனே பேசற வசனம்தான் இது. ஆனா இந்த தடவை பதில் சொல்லாம இருக்க முடியலை. எனக்கு இதுல பேச ரெண்டு தகுதி இருக்கு. ஒண்ணு, நான் தளவாய்புரத்துக்காரன். சேத்தூர் விலக்குல ஏறினா சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியா ரெண்டு மணி நேரத்துல குற்றாலம். ரெண்டாவது, அதே மாதிரி விடுதியில நானும் தங்கியிருக்கேன்.

முதல்ல ஜப்பான் கதை. ஆபீஸ் வேலையா டோக்கியோ போனப்ப ஒரு சனி, ஞாயிறு நொசாவா ஓன்சென்னு ஒரு மலைக் கிராமத்துக்குப் போனேன். நகானோ மாகாணம். ஈயாமா வரைக்கும் புல்லட் ரயில், அங்கிருந்து பஸ். ஓன்சென்னா வெந்நீர் ஊற்று. ரியோகான்னா பழைய பாணி விடுதி. ஒரு ராத்திரிக்கு ரெண்டு வேளை சாப்பாட்டோட 16,000 யென் அழுதேன்.

வாசல்லயே செருப்பைக் கழட்டணும். வராந்தாவுக்கு ஒரு செருப்பு, கக்கூசுக்குத் தனிச் செருப்பு, பாய் மேல ஏறும்போது எந்தச் செருப்பும் கூடாது. நான் கக்கூஸ் செருப்போட வராந்தாவுல ஜம்முனு நடந்து வந்தேன். விடுதி அம்மா வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. அடுத்து யுகாதான்னு ஒரு பருத்தி அங்கி. இடது பக்கம் மேலே வர்ற மாதிரி கட்டணும். நான் மாத்திக் கட்டிட்டேன். அந்தம்மா பதறிப்போய் ஓடி வந்து சரி பண்ணாங்க. அப்படிக் கட்டறது பொணத்துக்காம்! :-)

அந்த அங்கியோட ஆம்பளை பொம்பளை எல்லாரும் தெருவுல நடக்கறாங்க. எங்க ஊர் நைட்டி தைக்கிற ஊர். அந்த நைட்டியைப் போட்டுக்கிட்டு, தோள்ல துண்டோட பால் வாங்கப் போற பொம்பளையை நாம மீம் போட்டுக் கிண்டல் பண்றோம். அதையே ஜப்பான்ல பார்த்தா 'ஆஹா, என்ன கலாச்சாரம்'னு போட்டோ எடுக்கிறோம். சரி, மேட்டருக்கு வருவோம்.

குளியல் அறை. ஆம்பளைக்கு ஒரு வாசல், பொம்பளைக்கு ஒரு வாசல், ரெண்டுலயும் துணித் திரை. உள்ளே போனா துணி மாத்த ஒரு அறை. அலமாரி நிறைய பிரம்புக் கூடை. உங்க துணி உங்க கூடையில. அடுத்த கதவைத் தள்ளினா வரிசையா குட்டி முக்காலி. ஒவ்வொரு முக்காலிக்கும் ஒரு குழாய், ஒரு கைஷவர், ஒரு கண்ணாடி, ஒரு வாளி, சோப்பு, ஷாம்பு. ஆமாங்க, சோப்பும் ஷாம்பும் விடுதிக்காரனே வச்சிருக்கான்! அங்க உட்கார்ந்து தேய் தேய்னு தேய்ச்சு, நுரை போக அலசிட்டு, அதுக்கப்புறம்தான் வெந்நீர்த் தொட்டி. அந்த அழுக்குத் தண்ணிக்குத் தனி வடிகால். தொட்டிக்குள்ள துண்டு கூட படக்கூடாது, மடிச்சுத் தலை மேல வச்சுக்கணும்.

இப்ப சொல்லுங்க. அங்க சோப்பைத் தடை பண்ணியிருக்கானா? இல்லை. சோப்புக்கு ஒரு இடம் குடுத்திருக்கான். நண்பர் பார்த்தது தொட்டியை. அதுக்கு முன்னாடி இருக்கிற முக்காலியை அவர் பார்க்கலை. சுவத்துல படம் போட்டு விளக்கமும் ஒட்டியிருக்காங்க, முதல்ல இது, அப்புறம் அதுன்னு. பிறவியிலேயே ரத்தத்துல ஊறின ஒழுக்கம்னா படம் எதுக்கு?

இன்னொண்ணு. பல விடுதிகள்ல ராத்திரி ஆம்பளைங்க குளிச்ச பக்கத்தைக் காலையில பொம்பளைங்களுக்கு மாத்தி விடுவாங்க. திரையை மட்டும் இடம் மாத்திடுவாங்க. நல்ல காட்சி தெரியற தொட்டி ஒரே ஆளுக்குச் சொந்தமாயிடக் கூடாதாம்.

விடுதி காசுள்ளவனுக்குத்தானே, அதனாலதானே அங்க சுத்தம்னு கேட்பீங்க. அதுக்கும் அதே ஊர்லயே பதில் இருக்கு. நொசாவாவுல 13 பொதுக் குளியல் வீடுகள் இருக்கு. கட்டணம் கிடையாது, உண்டியல் இருக்கும், இஷ்டப்பட்டா போடலாம். யூ-நகாமான்னு ஊர்க்காரங்க சங்கம் இருக்கு. அந்தந்தத் தெருக்காரங்க முறை வச்சுக் கழுவறாங்க, செலவைப் பகிர்ந்துக்கறாங்க. எதோ காலத்துல இருந்து நடக்குது. நானும் ஒண்ணுல நுழைஞ்சேன். ரியோகான் சொகுசு ஒண்ணும் கிடையாது. மரத்தட்டுல துணியை வச்சோமா, வாளியில மொண்டு ஊத்தினோமா, இறங்கினோமா, அவ்வளவுதான். சூடு தாங்காம ஒத்தைக் கால்ல நின்னேன். ஒரு தாத்தா எழுந்திரிச்சு வந்து எனக்காகப் பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்து விட்டார். எனக்கு அவர் பாஷை தெரியாது, டிக்கெட்டும் இல்ல. 'தரமான கூட்டமா'ன்னு அவர் என்னைக் கேட்கலை.

பணத்துக்கு என்ன பண்றாங்க? விடுதி பில்லுல குளியல் வரின்னு தனியா ஒரு வரி. பொதுவா ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 யென். அது உள்ளூர் நிர்வாகத்துக்குப் போகுது. ஊற்றைப் பாதுகாக்க, சுகாதார வசதிக்கு, தீயணைப்புக்கு, சுற்றுலாவுக்குன்னு எதுக்குச் செலவழிக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. நகரத்துல இருக்கிற சென்தோ என்ற பொதுக் குளியலகத்துக்கு அரசாங்கமே கட்டண உச்சவரம்பு போடுது. 1946-ல போட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணை, இத்தனை வருஷம் கழிச்சும் குளியலுக்கு உயிரோட இருந்துச்சு. டோக்கியோவுல அந்த உச்சவரம்பு 2024 ஆகஸ்ட்ல 550 யென் ஆச்சு. விலையை ஏத்திக் கூட்டத்தைக் குறைங்கன்னு நம்மாளு ஜப்பான் பேரைச் சொல்லிச் சொல்றார். ஜப்பான்காரன் குளிக்கிற விலை ஏறிடக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கான்!

இப்ப குற்றாலம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல உத்தரவு போட்டுச்சு. அது சரியான உத்தரவு, அதுல எனக்குச் சண்டையே இல்லை. அருவித் தண்ணி அங்கேயே நிக்கறதில்லை. சிற்றாறா ஓடி, வயலுக்குப் பாய்ஞ்சு, கடைசியில தாமிரபரணியில சேருது. நம்ம ஷாம்பு பாக்கெட் எவனோ நடுற நாத்து மேல போய் நிக்கும். சின்ன வயசுல நானும் அருவிக்கரையில பாக்கெட்டைப் பல்லால கிழிச்சவன்தான். தப்புதான்.

ஆனா 'கூடாது'ன்னு போர்டு வச்சா அது பாதி வேலை. 'இங்கே செய்துகொள்'னு இன்னொரு போர்டு எங்கே? எண்ணெய் தேய்ச்சு அருவியில நிக்கறது தலைமுறையா வர்ற பழக்கம். அதை நம்பி மசாஜ் பண்ற குடும்பங்கள் இருக்கு. தேய்ச்ச எண்ணெயைக் கழுவ அருவியை விட்டுத் தள்ளி ஒரு இடம், அதுக்குத் தனி வடிகால், அதுக்கப்புறம் அருவின்னு ஏற்பாடு பண்ணிட்டு, அப்பவும் ஒருத்தன் சோப்போட போனா அவனை அபராதம் போட்டு உரியுங்க, நானே கூட நிக்கறேன். முக்காலி போடாம ஒழுக்கத்தைக் கேட்கறது என்ன நியாயம்?

இனிமே சொல்றது என் வீட்டுக் கதை. அம்மா நைட்டி தைச்சவங்க. வருஷம் பூரா மிஷின் சத்தம். ஆடி மாசம் ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, கூடத் தைக்கிற அக்கா, சித்தி, மதினின்னு எல்லாரும் காசு போட்டு வேன் பிடிப்பாங்க. புளியோதரை, உருளைக்கிழங்கு, ஒரு பை நிறைய மாத்துத் துணி. அந்த ஒரு நாளுக்காகப் பதினோரு மாசம் பேசுவாங்க. சாரல் விழுதான்னு பேப்பர் பார்த்துச் சொல்றது என் வேலை.

அருவியில நிக்கற வரைக்கும் சந்தோஷம். வெளியே வந்தா? ஈரச் சேலை உடம்போட ஒட்டிக்கிட்டு, வேன் நிக்கற இடம் வரைக்கும் கூட்டத்துக்குள்ள நடக்கணும். துணி மாத்தற அறைன்னு இருந்தா சீசன் ஞாயித்துக்கிழமை அதுக்கு நிக்கற வரிசையைப் பார்த்தே நடுங்கும். அதனால நாலு பேர் சேலையைச் சுத்திப் பிடிச்சுக்குவாங்க, நடுவுல ஒவ்வொருத்தரா மாத்திக்குவாங்க. ஒரு வருஷம் அம்மாவும் தங்கச்சியும் உள்ளே இருக்கும்போது எவனோ ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கான். மதினி கத்தினதுல ஓடிட்டான். எந்த அருவின்னு சொல்லி என்ன ஆகப் போகுது?

வேன்ல வரும்போது யாரும் பேசலை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது ஒரு வரி: "போதும்யா. இனிமே நான் வீட்டுக் குழாயிலயே ஊத்திக்கிறேன்." அதுக்கப்புறம் அம்மா குற்றாலம் போகலை.

நொசாவா விடுதியில அந்தப் பிரம்புக் கூடையில என் சட்டையை மடிச்சு வைக்கும்போது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. ஒரு கூடை, ஒரு திரை, ஒரு கதவு. எங்கம்மாவுக்கு அவ்வளவுதான் தேவையா இருந்தது. நண்பரே, நீங்க 'குளிக்கத் தெரியாத சனம்'னு சொன்னது எங்கம்மாவையும் சேர்த்துத்தான். உங்க ஐநூறு ரூபா டிக்கெட்டுல அந்த வேன்ல வந்த பதினாறு பேருக்கு எட்டாயிரம் ஆகும். அவங்க வர மாட்டாங்க. செல்போனைத் தூக்கினவன் கிட்ட ஐநூறு ரூபா இருந்தா அவன் வருவான். அவன் தரமான கூட்டம்!

இந்த 'சுத்தம்'கற சொல் மேல எனக்கு ஒரு பயம் உண்டு. ஜப்பான்ல ஒதாருன்னு ஒரு துறைமுக ஊர். அங்க ஒரு வெந்நீர்க் குளியலகத்துல 'ஜப்பானியர் மட்டும்'னு போர்டு வச்சிருந்தாங்க. ரஷ்ய மாலுமிங்களுக்குக் குளிக்கற முறை தெரியலைன்னு காரணம் சொன்னாங்க. 1999-ல உள்ளே விடாததுக்கு மூணு பேர் கேஸ் போட்டாங்க. அதுல ஒருத்தர் ஜப்பான் குடியுரிமையே வாங்கினவர், அப்பவும் முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிச்சாங்க. 2002 நவம்பர்ல சப்போரோ நீதிமன்றம் மூணு பேருக்கும் சேர்த்து 30 லட்சம் யென் குடுக்கச் சொல்லிச்சு. 'அவங்களுக்குக் குளிக்கத் தெரியாது'ங்கற வாக்கியம் எங்கே போய் முடியும் பாருங்க.

நம்ம ஊர்ல அது முடியலை, அங்கிருந்துதான் ஆரம்பிச்சுது. 1934-ல ஹரிஜன யாத்திரையா தமிழ்நாடு வந்த காந்தி குற்றாலத்துக்கும் வந்தார். தாழ்த்தப்பட்டவங்களுக்கு இந்த அருவியில குளிக்க வழி இல்லைன்னு தெரிஞ்சதும், குளிக்காமலே திரும்பிட்டார். அன்னைக்குத் தடுத்ததும் சுத்தத்தின் பேர்லதான். இன்னைக்கு சாதி கேட்டா சட்டம் பிடிக்கும், அதனால டிக்கெட் கேட்கலாம்னு யோசனை வருது. பழத்தோட்ட அருவிக்கு ரொம்ப காலமா வி.ஐ.பி. அருவின்னே பேர். மிச்சம் இருக்கிறதையும் அப்படி ஆக்கிடலாமா?

காசே வேண்டாம்னு சொல்லலை. வண்டிக்கு வாங்கற காசுலயே ஒரு பங்கைக் குளியலுக்குன்னு எடுத்து வைங்க. எவ்வளவு வந்துச்சு, எத்தனை அறை கட்டினோம், எத்தனை குழாய் போட்டோம்னு அருவிக்கரையிலயே பலகையில எழுதிப் போடுங்க. பொம்பளைங்க பக்கம் அறை ரெண்டு மடங்கு இருக்கட்டும், கதவுக்குத் தாழ்ப்பா இருக்கட்டும். அதைக் கழுவறவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் குடுங்க. இதுல எதுக்கும் ஜப்பான்காரன் மூளை தேவையில்லை. ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும் போதும்.

இதெல்லாம் செஞ்ச பிறகும் சனங்க திருந்தலைன்னா, நண்பர் பதிவுக்குப் போய் நானே முதல் 'ரிப்பீட்டே' போடறேன். அதுவரைக்கும் எங்களுக்குக் குளிக்கத் தெரியும். மாத்துத் துணி மாத்தத்தான் இடம் இல்லை.

டிஸ்கி: அம்மா கிட்ட ஜப்பான் குளியல் கதை முழுசும் சொன்னேன். எல்லாரும் துணியே இல்லாம ஒண்ணாக் குளிப்பாங்கன்னு சொன்னதும், "அட கருமமே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "அங்க எவனும் போன் தூக்க மாட்டானாய்யா?"ன்னு கேட்டாங்க. போனை உள்ளே கொண்டு போகவே கூடாதும்மான்னேன். "அப்ப சரி"ன்னுட்டு மிஷின்ல உட்கார்ந்துட்டாங்க.