சிரட்டை எங்கள் ஊருடையது, பில்டர் செலவும் எங்களுடையதா?

பேலியகொடையில் வாடகைக்கு இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் தவணைக் காசில் வோட்டர் பில்டர் வாங்கினார். "இனித் தண்ணிப் பிரச்சினை முடிஞ்சுது மச்சான்" என்றார். முடியவில்லை என்கிறோம் நாங்கள்.

முதலில் பில்டருக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். உள்ளே இருக்கும் கறுப்பு மணிகள் உயிர்ப்பூட்டிய காபன். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, 900 பாகை அளவு வெப்பத்தில் நீராவி பாய்ச்சினால் கரிக்குள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரியில் சுமார் 1000 சதுர மீற்றர் மேற்பரப்பு! பென்சீன், தொலுயீன், பூச்சிகொல்லி எச்சம் போன்ற சேதனப் பொருட்கள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் புறத்துறிஞ்சல் என்று படித்தது இதைத்தான்.

ஆனால் ஒட்ட இடம் தீர்ந்தால் அவ்வளவுதான். தீர்ந்ததைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. உப்பையும் நைத்திரேற்றையும் அது பெரிதாகத் தடுக்காது. குளோரினை எடுத்துவிடுவதால், மாற்றாமல் விட்ட காட்ரிட்ஜில் கிருமியும் குடியேறும்.

கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையில் இருந்து வருகிறது. அதே கங்கைக் கரையில்தான் தொழிற்சாலைகளும். 2015 ஆகஸ்டில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் இருந்து டீசல் கசிந்து கங்கையில் கலந்தது. சுன்னாகத்திலோ மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளுக்குள் போனது. சனம் பவுசர் தண்ணிக்கு வாளியோடு காத்து நின்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அசுத்தமாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

வீட்டு பில்டர் இந்த நியாயத்தைத் தலைகீழாக்குகிறது. கழிவை விட்டவர் சும்மா இருக்க, காட்ரிட்ஜ் காசை நாங்கள் கட்டுகிறோம். காசு இல்லாத தோட்டத்து வீடுகள் வருவதைக் குடிக்கின்றன. இத்தனைக்கும் சிரட்டைக் காபனை உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் ஒன்று இலங்கை.

"அதுவரைக்கும் அழுக்குத் தண்ணியைக் குடிக்கவா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். வசதி இருந்தால் பில்டர் போடுங்கள், காட்ரிட்ஜைத் தவணை தவறாமல் மாற்றுங்கள். ஆனால் அதோடு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பல நாடுகளில், ஆற்றில் எண்ணெய் கலந்தால் நீர் எடுக்கும் இடத்திலேயே தூள் காபன் கலந்து, பின் வடிகட்டிவிடுகிறார்கள். களனி நீரை எடுக்கும் இடங்களில் அதற்கான கையிருப்பு எவ்வளவு? டீசலுக்கும் பூச்சிகொல்லிக்கும் எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதனை? இரண்டையும் மாதாமாதம் மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும். காபன் முதலில் இருக்க வேண்டிய இடம் தொழிற்சாலையின் கழிவுக் குழாய். எங்கள் குசினி கடைசி.

நண்பரின் பில்டர் நல்ல பில்டர்தான். அதன் பில் போய்ச் சேர்ந்த முகவரிதான் பிழை.